நாற்றம் நின்றபோது

சாம்பசிவம் பயந்தவர். இதை யாரிடமும் தயங்காமல் சொல்லிக்கொள்வார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குப் பயம் கிடையாது.

பாலைக் காய்ச்சும் முன் ஒரு தடவை மோந்து பார்ப்பார், காய்ச்சிய பின் ஒரு தடவை. லோத்குண்டா வீட்டுக்கு கேஸ் அடுப்பு வந்ததிலிருந்து, படுக்கப் போகும் முன் சிலிண்டர் முன்னால் மண்டியிட்டு மூக்கைச் சுருக்கிப் பார்ப்பதும் அவர் வேலையாயிற்று. "ஸ்வாமியைக்கூட இப்படி நமஸ்காரம் பண்ணினதில்லை, சிலிண்டருக்குப் பண்றார்" என்பாள் மனைவி கல்பகம். மகள் நீலா, தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்கிற ரகம், "அப்பா, குச் நஹி ஹோதா" என்று அவரைத் தாண்டிப் போவாள். ஒன்றும் ஆகாது என்பதில் அவளுக்கு இருந்த உறுதி அவரை மேலும் கலவரப்படுத்தும்.

இப்படிப்பட்ட மனிதர் ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் வேலை பார்த்தார் என்பது வேடிக்கை. அங்கே போய்ச் சேர்ந்ததும் பயத்தினால்தான் என்பது இன்னும் வேடிக்கை. அதற்கு முன் அவர் இருந்தது மத்திய சர்க்கார் மருந்து ஆலையில். குவார்ட்டர்ஸ், கேண்டீன், பென்ஷன், யூனியன். வானம் இடிந்தால்கூட முதலில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுத்தான் இடியும். அந்த நிம்மதியில் ஒரு நாள், வடக்கே மலையடிவாரத்தில் உள்ள ஆலைக்கு மாற்றப் போகிறார்கள் என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. பேச்சுதான். உத்தரவு எதுவும் வரவில்லை. சாம்பசிவம் குளிரை நினைத்தார், கல்பகத்தின் இழுப்பை நினைத்தார், ராஜினாமா கொடுத்துவிட்டார். குளிருக்குப் பயந்து அமிலத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

தனியார் மருந்துக் கம்பெனி அது. தலைவலி மாத்திரைக்கான சரக்கைப் பீப்பாய் பீப்பாயாகத் தயாரித்து அனுப்பும். மருந்தைச் செய்கிறவர்களுக்கு முன்பக்கம் இடம். மருந்து போக மிஞ்சியதைக் கவனிக்கிறவருக்குப் பின்பக்கம், காம்பவுண்டுச் சுவர் ஓரம். ரசாயனத்தில் எம்.எஸ்ஸி. வாங்கிய சாம்பசிவம் பின்பக்கத்துக்குச் சொந்தக்காரர். ஊருக்கெல்லாம் தலைவலி தீர, அவருக்கு அது ஆரம்பமாயிற்று.

மிஞ்சியது அமிலத் தண்ணீர். அதைச் சுண்ணாம்பு கொட்டிச் சாதுவாக்கி வெளியே விடவேண்டும் என்பது விதி. லாரி லாரியாகச் சுண்ணாம்பு வந்தது. அமிலம் அடங்கியது, ஆனால் அடங்கிய இடமெல்லாம் வெள்ளைச் சேறு குவிந்தது. ஒரு குப்பையை ஒழிக்க இன்னொரு குப்பையை விலைக்கு வாங்கிக் குவிப்பது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மழை பெய்தால் அந்தச் சேறு கரைந்து பின்னால் ஓடிய நாலா என்கிற சாக்கடைக் கால்வாயில் இறங்கும். எருமைகள் ஓரமாக நின்று பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் திரும்பிப் போகும்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சாயக் கம்பெனி. அவர்கள் கழித்துக் கட்டுவது காரத் தண்ணீர். அதைச் சாதுவாக்க அவர்கள் அமிலம் வாங்கிக் கொட்டினார்கள். ஆக, சுவரின் இந்தப் பக்கம் அமிலத்தைக் கொல்லக் காரம் வாங்கினார்கள், அந்தப் பக்கம் காரத்தைக் கொல்ல அமிலம் வாங்கினார்கள். நடுவே ஒரு செங்கல் கனத்தில் ஒரு சுவர். இரண்டு முதலாளிகளும் ஏதோ போர்வெல் தகராறில் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் பேசிக்கொள்ளாவிட்டால் என்ன, கழிவுகள் பேசிக்கொள்ளட்டுமே என்று சாம்பசிவத்துக்குத் தோன்றியது. பயந்தவர்களுக்கு எப்போதாவது வருகிற துணிச்சல் அது. வந்தால் பெரிதாகவே வரும்.

அந்தப் பக்கத்துக் கழிவுக்குப் பொறுப்பாளி ஜேம்ஸ். லாலாகுடா ரயில்வே குடும்பம். தாத்தா ஜோலார்பேட்டையிலிருந்து சம்மட்டியோடு வந்து ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தவர், அப்பாவும் அங்கேதான். ஜேம்ஸ் மட்டும் ரயில்வே பரீட்சையில் தவறி, சாயத்தில் விழுந்தான். சுவருக்கு மேல் ஒரு நாள் அவன் தலை தெரிந்தபோது சாம்பசிவம் விஷயத்தைச் சொன்னார்.

"இன்னா சாமி, ஒங்க கழுதையும் எங்க கழுதையும் சேர்ந்தா குதிர ஆயிடுமா?"

"குதிரை ஆகாது. இரண்டு கழுதையும் உதைக்காது."

"ஹவ், அது போதும்" என்று உள்ளூர் இந்தியில் ஆமாம் போட்டான் ஜேம்ஸ்.

சுவரில் ஒரு துளை, துளையில் ஒரு குழாய். ஜேம்ஸ் பக்கத்தில் படியிறங்கும் ஆழத்துக்கு ஒரு செங்கல் குழி. இரண்டு தண்ணீரும் குழியில் கலந்து, ஒரு கம்பி வலையைத் தாண்டி நாலாவுக்குப் போகும். வால்வைத் திறக்கும் முன் சாம்பசிவம் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து "விடட்டுமா?" என்பார். அந்தப் பக்கமிருந்து "வுடு சாமி!" என்று குரல் வரும். அவ்வளவுதான் ஒப்பந்தம். தமிழில் நடந்ததால் இரண்டு ஆபீசுக்கும் புரியவில்லை. சுண்ணாம்புச் செலவு குறைந்தது மட்டும் புரிந்தது. சாம்பசிவத்தின் மானேஜர் உமாசங்கர் தமிழர்தான், ஆனால் பின்பக்கம் வருகிற வழக்கம் அவருக்கு இல்லை. கொஞ்ச நாளில் வெள்ளைச் சேற்றின் மேல் புல் முளைத்தது. எருமைகள் நாலாவில் இறங்கிப் படுத்தன. சாம்பசிவம் அவற்றை ஒரு விருதைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

பிறகு போபால் நடந்தது.

ஜீடிமெட்லாவில் அதன்பின் யாரும் சத்தமாகப் பேசவில்லை என்று சொல்ல ஆசைதான். உண்மையில் எல்லோரும் வழக்கத்தைவிடச் சத்தமாகத்தான் பேசினார்கள்; பயத்துக்கு அது ஒரு மருந்து. "அது வேற கேஸ், நம்மது வேற" என்று ஒவ்வொரு கம்பெனியும் பக்கத்துக் கம்பெனியைக் காட்டியது. சாம்பசிவம் மட்டும் வாயை மூடிக்கொண்டு கடைவீதிக்குப் போய் ஒரு கிணற்றுக் கயிறு வாங்கி வந்தார். இனிமேல் குழியில் யார் இறங்கினாலும் இடுப்பில் இதைக் கட்டிக்கொள்ள வேண்டும், மறுமுனை சுவரைத் தாண்டித் தன் கையில் இருக்கவேண்டும் என்றார்.

ஜேம்ஸ் கயிற்றைத் தோளிலிருந்து குறுக்கே போட்டுப் பார்த்தான். "சாமி எனக்குப் பூணூல் போட்டுட்டாரு! எங்க ஃபாதர் பார்த்தாருன்னா திரும்ப ஞானஸ்நானம் பண்ணிடுவாரு."

"இடுப்பிலே கட்டுடான்னா."

அடுத்து வந்தது தாள். வடிகட்டும் தாளை ஈய உப்புக் கரைத்த தண்ணீரில் நனைத்து, நிழலில் உலர்த்தி, விரலகலத்துக்கு நறுக்கி ஒரு டப்பாவில் வைத்தார். தினமும் வால்வைத் திறக்கும் முன், சாம்பசிவம் நீட்டும் ஒரு குவளை அமிலத் தண்ணீரை ஜேம்ஸ் தன் பக்கத்துக் குழியில் கலந்து பார்ப்பான். சாம்பசிவம் ஒரு கம்பு நுனியில் தாளைக் கட்டிச் சுவருக்கு மேலாகக் குழியில் தொங்கவிடுவார். தாள் வெள்ளையாக இருந்தால் விடலாம். கறுத்தால் கூடாது. உமாசங்கருக்கு இது எட்டி, "அய்யர் தாயத்து" என்று பெயர் வைத்தார். பெயர் நிலைத்தது.

"கறுத்தா இன்னா சாமி?" என்று ஜேம்ஸ் ஒரு நாள் கேட்டான்.

"அழுகின முட்டை நாத்தம் அடிக்கிற ஒரு வாயு இருக்கு. அது இருக்குன்னு அர்த்தம்."

"முட்ட நாத்தம் அடிச்சா மூக்கே சொல்லிடுமே. மூக்கு என்னாத்துக்கு இருக்குது?"

"கொஞ்சமா இருந்தா மூக்கு சொல்லும். ஜாஸ்தியா இருந்தா முதல்லே சாகறதே மூக்குதான். நாத்தம் நின்னுபோச்சுன்னு நீ சந்தோஷப்படுவே. அதுக்கப்புறம் சந்தோஷப்பட நீ இருக்கமாட்டே."

"ஒங்க வாயில ஒரு நாளாவது நல்ல வார்த்த வருமா சாமி?" என்றான் ஜேம்ஸ், சிரித்துக்கொண்டே. ஆனால் அதற்குப் பிறகு தாளைப் பார்க்காமல் அவன் "வுடு" சொன்னதில்லை.

மறுவருஷம் நவராத்திரி வந்தது. சரஸ்வதி பூஜையன்று காலை வீட்டில் புத்தகம், வீணை என்று இருந்ததையெல்லாம் அடுக்கிப் பொட்டு வைத்துவிட்டுக் கல்பகம் வாசல்வரை வந்தாள்.

"ஏன்னா, ஆபீஸ்லேயும் எல்லாத்தையும் வெச்சுடுங்கோ. வெச்சா நாளைக்குப் புனர்பூஜை ஆகறவரைக்கும் தொடப்படாது. அவசரம் அது இதுன்னு கையை நீட்டாதேங்கோ. போன வருஷம் பேனாவை எடுத்தேள், நீலாவுக்கு டைபாய்டு வந்தது."

பேனாவுக்கும் டைபாய்டுக்கும் உள்ள தொடர்பை எம்.எஸ்ஸி.யால் மறுக்க முடிந்தது, அப்பாவால் முடியவில்லை.

கம்பெனியில் தசராவுக்கு லீவு கிடையாது. கொதிகலனில் ஏறிய சரக்குக்குத் தெய்வ நம்பிக்கை இல்லை, பாதியில் நிறுத்தினால் கெட்டுவிடும். எனவே ஆட்கள் வேலை செய்தார்கள், கருவிகள் ஓய்வெடுத்தன. சோதனை அறை மேஜையில் சரஸ்வதி படம். அதன் முன் தராசு, கண்ணாடிக் குழாய்கள், ஈய உப்புப் புட்டி, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். தாள் டப்பாவைச் சாம்பசிவம் கடைசியில்தான் வைத்தார். வைக்கலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். இருப்பதிலேயே தன்னை அதிகம் காப்பாற்றுகிற கருவியை மட்டும் அம்பாளுக்குக் கொடுக்காமல் ஒளிப்பது நன்றாகவா இருக்கும்? டப்பாவை வைத்து, அதிலிருந்து ஒரு தாளை எடுத்து மூடியின்மேல் கிடத்தி, ஓரத்தில் ஒரு குங்குமப் பொட்டும் இட்டார். நேற்று வெள்ளை. முந்தாநாள் வெள்ளை. ஒரு நாள்தானே.

எதற்கெல்லாமோ பயப்படத் தெரிந்தவர், இரண்டு பயங்கள் எதிரெதிரே நின்றபோது பெரியதற்குப் பணிந்தார். அன்று அவருக்குப் பெரியது டைபாய்டு.

மத்தியானம் தொட்டி நிரம்பிவிட்டது. எல்லோரும் முன்பக்கம் சுண்டலுக்குப் போயிருந்தார்கள். சாம்பசிவம் தனியாகச் சுவர் ஓரம் வந்து, "ஜேம்ஸ்! இன்னிக்குத் தாள் கிடையாது. பூஜையிலே இருக்கு. உன் பக்கம் எல்லாம் வழக்கம்போலத்தானே?" என்றார்.

"வழக்கம்தான் சாமி. வெறும் கழுவுன தண்ணி."

வழக்கமில்லை. சாயக் கம்பெனிக்கு அந்த வாரம் ஒரு கறுப்புச் சாயத்துக்கு ஆர்டர் வந்திருந்தது. அதற்கு ஒரு கந்தக உப்புப் போடுவார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரில் அது இறங்கும். காரத்தோடு இருக்கும்வரை சாதுவாக இருக்கும். அமிலம் பட்டால் அதுவே அந்த முட்டை வாயுவாகக் கிளம்பும். ஜேம்ஸுக்கு யாரும் சொல்லவில்லை. தண்ணீரும் பார்க்க அதே மாதிரிதான் இருந்தது.

"விடட்டுமா?"

"வுடு சாமி!"

வால்வைத் திருப்பினார். குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை சுவரைத் தாண்டி வந்தது. முதலில் மெல்ல, யாரோ தூரத்தில் முட்டை உடைத்த மாதிரி. பிறகு முகத்தில் அறைந்தது.

சாம்பசிவம் வால்வை மூடினார். அவசரத்தில் முதலில் தப்பான பக்கம் திருப்பி, பிறகு மூடினார்.

"ஜேம்ஸ்! மூடு! உன் வால்வை மூடு!"

"மூடிட்டேன் சாமி. ஐயோ, இன்னா நாத்தம் இது!" இருமல் சத்தம். "ஆனா தண்ணி போகல. எங்க கம்பெனில நேத்தே பூஜ போட்டாங்க, அந்தச் சாமந்திப்பூ, வாழமட்ட எல்லாத்தையும் எவனோ வாய்க்கால்ல போட்டிருக்கான், வலைய அடைச்சிக்கினு இருக்குது. குழி ரொம்பி இந்தப் பக்கம் வழியுது. அங்க பொம்பளைங்க குந்திச் சாப்பிட்டுக்கினு இருக்காங்க."

"அவாளை எழுந்து போகச் சொல்லு. நீ இறங்காதே."

"எழுந்து போறதுக்குள்ள நான் ரெண்டு மட்டய இழுத்துப் போட்டுடுவேன். கயிறு கட்டிக்கினேன், பாரு. பூணூலு போட்டாச்சு, இந்தா பிடி."

சுவருக்கு மேலே கயிற்றின் சுருள் வந்து விழுந்தது. சாம்பசிவம் இயல்பாக அதைப் பிடித்துக்கொண்டார். பிடித்ததே தவறு என்று உடனே தோன்றியது. பிடித்தது சம்மதம் கொடுத்தது போல ஆகிவிட்டது. "ஜேம்ஸ், வேண்டாம். நான் சொல்றேன், வேண்டாம்."

கயிறு நகர்ந்தது. ஒரு படி. அவர் கையில் கயிறு மீன் கடித்த தூண்டில் போலத் துள்ளியது, நின்றது, துள்ளியது. அந்தப் பக்கம் வாழை மட்டை கிழிகிற சத்தம் கேட்டது. மட்டையைக் குழிக்கு வெளியே எறிகிற சத்தம். ஜேம்ஸின் இருமல்.

பிறகு ஜேம்ஸின் குரல், நிம்மதியோடு.

"சாமி, நாத்தம் போயிடுச்சி. இப்ப ஒண்ணுமே இல்ல."

சாம்பசிவம் காற்றை இழுத்து மோந்து பார்த்தார். சுவருக்கு இந்தப் பக்கம், அவர் நின்ற இடத்தில், நாற்றம் இன்னும் மூக்கைத் துளைத்துக்கொண்டிருந்தது. குழிக்குள் இருக்கிறவனுக்கு மட்டும் இல்லை.

"ஏறு! ஜேம்ஸ், ஏறி வந்துடு! உடனே!"

"நாத்தம் அடிச்சாலும் கத்துற, அடிக்கலன்னாலும் கத்துற, இன்னா சாமி நீ..." என்று சிரிப்போடு ஆரம்பித்த வாக்கியம் பாதியில் நின்றது. வாக்கியம் மட்டும் நின்றிருந்தால் பரவாயில்லை. கயிறும் நின்றது. பிறகு அது மெதுவாக, பெரிய கனத்தோடு, அவர் கையிலிருந்து உருவ ஆரம்பித்தது.

உள்ளங்கையைக் கயிறு எரித்தது. ஒரு காலைச் சுவரில் கொடுத்து இழுத்துப் பிடித்தார். நின்றது. ஆனால் இழுக்க முடியவில்லை. சுவர் விளிம்பில் கயிறு சிக்கிக்கொண்டது. ஒரு மனிதனின் எடையைச் சுவருக்கு மேலாக இழுக்க அவர் கைகள் போதாது. ஆள் கூப்பிட ஓடினால் கயிற்றை விடவேண்டும். விட்டால் அவன் தண்ணீரில் முகம் குப்புற. விடாவிட்டால் அப்படியே. முன்பக்கம் மைக் செட்டில் அம்மன் பாட்டு முழங்கிக்கொண்டிருந்தது. அவர் கத்தியது அங்கே எட்டவில்லை. அந்த நேரம் அவருக்கு ஒரு விசித்திரமான எண்ணம் வந்தது: இதற்காகத்தான் வாழ்நாள் முழுக்கப் பயந்துகொண்டிருந்தோமா, இல்லை, பயந்ததெல்லாம் வேறு எதற்கோவா?

கயிற்றை அருகில் குழாயைத் தாங்கி நின்ற இரும்புக் கவையில் சுற்றிக் கட்டிவிட்டு, ஒரு காலிப் பீப்பாய்மேல் ஏறிச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். குழியின் படியில் ஜேம்ஸ் மடங்கிக் கிடந்தான். இடுப்புக் கயிறு இழுத்துப் பிடித்ததில் தலை தண்ணீருக்கு மேலே இருந்தது, மேலே மட்டுமே. முகத்தின் நிறம் பார்க்கச் சகிக்கவில்லை. சாயக் கம்பெனியின் வாட்ச்மேன் காஜா மியான், திடகாத்திரமான ஆள், சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து ஓடியதைப் பார்த்து வந்து குழி விளிம்பில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். இறங்கப் போகிறார்.

"நக்கோ! காஜா பாய், நக்கோ! இறங்காதே!"

"கைக்கு சாப்? ஏன்? ஆள் சாவுறான் அங்க!"

"காத்துலே விஷம் இருக்கு! நீயும் விழுந்துடுவே!"

காஜா மியான் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். கெட்ட நாற்றம், அவ்வளவுதான். அந்தப் பேட்டையில் கெட்ட நாற்றத்துக்குப் பயந்தவன் யாரும் சம்பளம் வாங்கியதில்லை. ஒரு காலைப் படியில் வைத்தார்.

உண்மை வேலைக்காகவில்லை என்று சாம்பசிவத்துக்குப் புரிந்தது. அவர் அந்த நிமிஷத்தில் ரசாயனத்தை விட்டுவிட்டு, பயத்தின் சாஸ்திரத்துக்குப் போனார். அதில் அவருக்கு இணை யாரும் கிடையாது. எதற்கு எவன் பயப்படுவான் என்று அவருக்குத் தெரியும்.

"கரண்ட்!" என்று கத்தினார். "பானீ மே கரண்ட் ஹை! தண்ணியிலே கரண்ட் பாயறது! தொட்டே, போனே!"

படியில் வைத்த கால் அப்படியே மேலே போயிற்று. காஜா மியான் சூடு பட்ட பூனை போல் பின்னால் குதித்து நின்றார். பார்க்க முடியாத ஒன்றுக்கு அவர் பயப்படமாட்டார், பார்க்க முடியாத இன்னொன்றுக்குப் பயப்படுவார். மனிதன் எந்த விஷயத்தில் நியாயமாக நடந்திருக்கிறான், இதில் நடப்பதற்கு?

"கயிறு காய்ஞ்ச கயிறு. கயித்திலே கரண்ட் வராது. சுவர் பக்கம் வா, காத்து இப்போ இங்கேயிருந்து திரும்பி அடிக்கறது, இங்கேயிருந்து இழு!" என்று சாம்பசிவம் தன் தோளிலிருந்த துண்டை உதறிக் காற்றின் திசையைப் பார்த்துக்கொண்டே கத்தினார். காஜா மியான் வந்து குழிக்கு எட்ட நின்று கயிற்றைப் பற்றினார். சாம்பசிவம் கவையிலிருந்து கட்டை அவிழ்த்தார். அந்த ஆளின் கை பலத்தில் ஜேம்ஸ் படிப்படியாக, தலை ஒவ்வொரு படியிலும் மோத, மேலே வந்தான்.

சாம்பசிவம் அந்தச் சுவரை எப்படித் தாண்டினார் என்பது யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பூஜைக்காகக் கட்டியிருந்த வேஷ்டி கிழிந்திருந்ததை மறுநாள்தான் கவனித்தார். பாதுகாப்பு வாரத்தில் ஒட்டிய சுவரொட்டியில் மூச்சு நின்றவனை எப்படிப் புரட்டி எப்படி அமுக்கவேண்டும் என்று படம் இருந்தது. அந்தச் சுவரொட்டியை முழுக்கப் படித்தவர் ஜீடிமெட்லாவில் அவர் ஒருவராகத்தான் இருக்கும், பயத்தில் படித்தது. ஜேம்ஸைக் காற்றுப் பக்கம் இழுத்துப்போய்க் குப்புறப் போட்டு, முதுகை அமுக்கினார், விட்டார், அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. "ஜேம்ஸ், எழுந்திருடா. ஏசுவே. எழுந்திருடா" என்று எந்தச் சாமியைக் கூப்பிடுகிறோம் என்ற பிரக்ஞை இல்லாமல் கூப்பிட்டார். அமுக்கினார். காஜா மியான் அல்லாவைக் கூப்பிட்டார்.

ஜேம்ஸின் உடம்பு ஒரு தடவை தூக்கிப்போட்டது. வாந்தி வந்தது. அதன்பின், கதவு கிரீச்சிடுவது போல ஒரு மூச்சு.

அவனை டெம்போவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வழியெல்லாம் சாம்பசிவம் அவன் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூச்சு படும்போதெல்லாம் அடுத்த மூச்சுக்குப் பயந்தார்.

மறுநாள் விஜயதசமி. ஜேம்ஸ் பிழைத்துவிட்டான் என்ற செய்தியோடு சோதனை அறைக்குள் போனவர், புனர்பூஜைக்கு மேஜை முன் நின்றார். டப்பாவின் மூடிமேல் குங்குமப் பொட்டோடு கிடந்த தாள் கன்னங்கரேல் என்று இருந்தது. வாயு சுவர் தாண்டி, ஜன்னல் வழியாக இங்கேயும் வந்து போயிருக்கிறது. தாள் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. பார்க்கத்தான் யாரும் இல்லை. அம்பாள் பார்த்திருப்பாள். அவள் சொல்கிற வழக்கம் இல்லை.

அதை எடுத்துக்கொண்டு உமாசங்கரிடம் போனார்.

"கரண்ட் ஷாக்குன்னு அந்தப் பக்கம் எழுதி முடிச்சுட்டாங்களே சார்" என்றார் உமாசங்கர். "வாட்ச்மேனே சாட்சி. எலக்ட்ரீஷியனுக்கு மெமோ கொடுத்தாச்சு. நீங்க ஏன் தாயத்தைத் தூக்கிட்டு வர்றீங்க?"

"கரண்ட்னு சொன்னது நான். பொய். இதுதான் நிஜம்."

உமாசங்கர் தாளைப் பார்த்தார். போபால் என்ற சொல் அந்த அறையில் யாரும் சொல்லாமலே வந்து உட்கார்ந்தது. "துளையை அடைச்சுடுங்க. இன்னிக்கே. அவங்க தண்ணி அவங்களோட, நம்ம தண்ணி நம்மோட."

"அடைச்சா?"

"அடைச்சா சேராது. அவ்வளவுதானே?"

"சார், நம்ம தண்ணியும் நாலாவுக்குத்தான் போறது. அவா தண்ணியும் நாலாவுக்குத்தான் போறது. இங்கே சேரலேன்னா நாலா வளையற இடம் தாண்டி அங்கே சேரும். அங்கே குடிசை இருக்கு. எருமை இருக்கு. அங்கே யார் கையிலே கயிறு இருக்கு?"

"அது நம்ம காம்பவுண்டுக்கு வெளியே."

இதைக் கேட்டபோது சாம்பசிவத்துக்கு முந்தின நாள் கயிறு உருவிய உள்ளங்கை மறுபடி எரிந்தது. அன்று மத்தியானம் அவர் வாழ்க்கையிலேயே முதல்முறையாகச் சாயக் கம்பெனியின் முன்வாசல் வழியாக உள்ளே போனார். எருமை இறங்கும் தண்ணீரைச் சொன்னார், குடிசைகளைச் சொன்னார், கறுப்புத் தாளைக் காட்டினார். யாரையும் மிரட்டவில்லை, அவருக்கு மிரட்டத் தெரியாது. பயப்படத் தெரியும். எதிரே இருந்தவர்களையும் பயப்பட வைத்துவிட்டு வந்தார். கறுப்புச் சாயம் கழுவிய தண்ணீரைத் தனித் தொட்டியில் விட்டு, காற்றை ஊதி, அந்தக் கந்தகம் அடங்கின பிறகே வெளியே விடுவது என்று அவர்கள் ஒத்துக்கொள்ளச் சில மாதங்கள் ஆயின. பேசாத முதலாளிகள் இருவரும் இதற்காக ஒரு தடவை பேசவேண்டி வந்தது. போர்வெல் தகராறு மேலும் முற்றியது. ஆனால் துளை மறுபடி திறந்தது. சுவருக்கு இரண்டு பக்கமும் இப்போது தாள் தொங்கியது.

ஜேம்ஸ் வேலைக்குத் திரும்பினான். இளைத்திருந்தான், பழைய குரல். ஒன்று மட்டும் திரும்பவில்லை. மூக்கு. பெட்ரோல், மீன், கிறிஸ்துமஸ் கேக், சாயம், எதுவும் தெரியவில்லை. டாக்டர் வரலாம் என்றார், வராமலும் போகலாம் என்றார்.

அடுத்த சரஸ்வதி பூஜைக்கு மேஜையில் தராசு இருந்தது, கண்ணாடிக் குழாய்கள் இருந்தன, புட்டி இருந்தது. தாள் டப்பா மட்டும் சாம்பசிவத்தின் சட்டைப் பையில். விஷயம் கல்பகத்துக்குத் தெரியும். காலையில் அவள் வாசலில் நின்று அவர் பையைப் பார்த்தாள், டைபாய்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "ஜேம்ஸுக்கும் சுண்டல் கொடுங்கோ" என்று ஒரு தூக்குப் பாத்திரத்தை மட்டும் நீட்டினாள்.

மத்தியானம் அவர் பீப்பாய்மேல் ஏறித் தூக்கைச் சுவருக்கு மேலாகக் கொடுத்தார். ஜேம்ஸ் மூடியைத் திறந்து, பழக்கத்தால் மூக்கருகே கொண்டு போனான். அங்கேயே நிறுத்திக்கொண்டான்.

"இன்னா வாசன சாமி இது?"

"கடுகு. பெருங்காயம். தேங்காய் கொஞ்சம்."

"ஹவ்" என்று ஜேம்ஸ் ஒரு வாய் போட்டுக்கொண்டான். மென்றுகொண்டே குழியைப் பார்த்தான். கம்பு நுனியில் தாள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வெள்ளையாகத்தான் இருந்தது.

"வேற? வேற நாத்தம் ஏதாவது வருதா?"

சாம்பசிவம் மூக்கைச் சுருக்கி மோந்து பார்த்தார். காற்று சுத்தமாக இருந்தது. "ஒண்ணும் இல்லைப்பா."

ஜேம்ஸின் வாய் மெல்வதை நிறுத்தியது. தூக்கைச் சுவர்மேல் வைத்தான்.

"அப்படிச் சொல்லாத சாமி" என்றான். "நல்லா மோந்து பாரு."

அவர் மறுபடி மோந்து பார்த்தார்.